கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்

பொங்கலுக்கு மளிகை எப்ப வாங்கணும்னு எங்கம்மாவைக் கேட்டா, "கார்த்திகை தீபம் முடிஞ்ச மறுநாள்"னு பதில் வரும். அப்போ பொங்கலுக்கு முழுசா ஒன்றரை மாசம் இருக்கும். தீபத்துக்குச் செஞ்ச பொரி உருண்டையே டப்பாவுல பாதி மிச்சம் இருக்கும். அதுக்குள்ள பொங்கல் வெல்லமா?

"ஏம்மா, பொங்கலுக்கு முதல் நாள் மேடவாக்கத்துல கடையெல்லாம் மூடிடுவாங்களா?"னு வருஷா வருஷம் கிண்டல் பண்ணுவேன். அம்மா காதுல வாங்கிக்கவே மாட்டாங்க. இதுல எனக்கு ஒரு பெரிய பொருளாதாரத் தத்துவம் வேற இருந்தது. எல்லாத்தையும் கடைசி நாள்ல கோயம்பேட்டுக்குப் போய் மொத்த விலையில அள்ளிட்டு வந்துடணும், அதுதான் லாபம்னு. (காலேஜ் போற பையன் வீட்டுக்குப் பண்ற ஒரே உதவி இந்த மாதிரி யோசனைதானே மக்களே!)

அந்தத் தத்துவம் எப்படிப் புட்டுக்கிச்சுன்னு சொல்றேன்.

2023-ல தீபம் நவம்பர் 26, ஞாயித்துக்கிழமை. அம்மா சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சமையல் வேலை. 27-ம் தேதி சாயங்காலம் வேலை முடிஞ்சு வரும்போதே கையில 2 கிலோ வெல்லம், ஒரு கிலோ பாசிப்பருப்பு. அந்த வருஷம் அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. ஆவணியிலதான் அக்கா கல்யாணம். செங்கல்பட்டுல குடுத்திருக்கோம். நவம்பர் 12 தலைதீபாவளி. அதுலயே அப்பா பர்ஸ் காலி. அடுத்து தலைப்பொங்கல். பொண்ணு வீட்டுல இருந்து சீர் போகணும். அரிசி, வெல்லம், பருப்பு, நெய், முந்திரி, மஞ்சள் கொத்து, ரெண்டு கரும்பு, காய்கறி, துணிமணி. பானை நல்லவேளையா கல்யாணச் சீரோட போயிடுச்சு.

சரியா ஒரு வாரம். டிசம்பர் 4, திங்கக்கிழமை, மிக்ஜாம் புயல்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம்னு நீங்க டிவியில பார்த்ததுதான். எங்களது தரைத்தள வீடு. முழங்கால் வரைக்கும் தண்ணி, மூணு நாள். நாங்க மாடி வீட்டுக்காரங்க ஹால்ல படுத்திருந்தோம். தண்ணி வடிஞ்சு கீழ வந்து பார்த்தா, 25 கிலோ அரிசி மூட்டை ஊதி வெடிச்சுக் கிடக்கு. பருப்பு ஊறி நாறுது. பச்சைப்பயறு மட்டும் அழகா முளை விட்டிருந்தது. வெல்லம் சுத்தி வச்ச பேப்பர் இருந்தது, வெல்லத்தைக் காணோம். ஷெல்ஃப்ல பழுப்பா ஒரு கறை, அவ்வளவுதான்.

அம்மா அந்தக் கறையைத் தேய்ச்சுக் கழுவும்போது நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "அப்பவே சொன்னேன்ல, முன்னாடியே வாங்காதன்னு"ன்னு சொன்னேன். அம்மா திரும்பிக் கூடப் பார்க்கல. துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. இன்னிக்கு நினைச்சாலும் கூசுது.

அப்பா ஓட்டுறது ஷேர் ஆட்டோ. மேடவாக்கத்துல இருந்து தாம்பரம். அதுலயும் இன்ஜின்ல தண்ணி. ரேஷன் கடையில வெள்ள நிவாரணம் 6000 ரூபா குடுத்தாங்க. 17-ம் தேதி ஆரம்பிச்சாங்க, எங்களுக்கு மறுநாள் கிடைச்சது. அதுல 4500 நேரா மெக்கானிக் கைக்குப் போச்சு. மிச்சம் 1500-ல அரிசி, எண்ணெய், வீட்டுச் செலவு. சீரைப் பத்தி யாரும் வாயைத் திறக்கல. அக்கா போன் பண்ணி, "சீரெல்லாம் வேணாம்பா, அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னா. அப்பா, "சரிம்மா"ன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டு வெளிய போயிட்டார். அந்த "சரிம்மா" இருக்கே... வேணாம், விடுங்க.

அடுத்த சனிக்கிழமை, 23-ம் தேதி, அம்மா மறுபடியும் ஒரு கிலோ பாசிப்பருப்போட வந்தாங்க! இந்தத் தடவை ஷெல்ஃப்ல வைக்கல. எவர்சில்வர் தூக்குல போட்டு பரண் மேல ஏத்தினாங்க. 30-ம் தேதி நூறு கிராம் முந்திரி, அம்பது கிராம் திராட்சை.

நான் அப்பவும் விடல. "ஏம்மா இப்படிச் சில்லறை சில்லறையா? கோயம்பேட்டுல..."ன்னு ஆரம்பிச்சேன். அம்மா ஒண்ணும் பேசாம ஒரு பழைய நோட்டைத் தூக்கி முன்னாடி போட்டாங்க. என்னோட ஒன்பதாவது கணக்கு நோட்டு, பின்பக்கம் எழுதாத தாள்ல எல்லாம் அம்மா கையெழுத்து. (பரண்ல கிடந்ததால பிழைச்சது.) ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்கு ரெண்டு கட்டம்: "நிக்கிறது", "நிக்காதது".

நிக்கிறதுல பருப்பு, வெல்லம், முந்திரி, ஏலக்காய், நெய். காயிலயும் நிக்கிறது உண்டு. நறுக்காத பரங்கிக்காய் ஒரு மாசம் தாங்கும். சேனை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி ரெண்டு வாரம் தாராளம். நிக்காததுல மொச்சை, அவரை, வாழை இலை, மஞ்சள் கொத்து, கரும்பு, பால். மொச்சையும் அவரையும் பகல் சுருங்கினாத்தான் பூக்கிற செடிங்க, அதனால மார்கழி தையில கொட்டிக் கிடக்கும். ஆனா ஊரே பலகாய்க் குழம்பு வைக்கப் போகுதுன்னா கொட்டிக் கிடக்கிறதுக்கும் விலை ஏறும்.

இதுக்கு மேல ஒண்ணை நான் அப்பத்தான் பார்த்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் எதிர்ல தேதி இருந்தது. எல்லாமே சனிக்கிழமை, இல்லன்னா மாசத்துல அஞ்சு, ஆறு தேதி. அம்மா ஹாஸ்டல்ல சனிக்கிழமை கூடுதலா ஒரு வேளை சமைச்சா கையில காசு குடுப்பாங்க. அஞ்சாம் தேதி சம்பளம். 130, 85, 20, 195. எந்த வருஷத்துலயும் எந்தத் தேதியிலயும் ஐநூறைத் தாண்டின வரியே இல்ல.

அம்மா விலை ஏறிடும்னு பயந்து முன்னாடி வாங்கல. விலை ஏறலேன்னாலும் அப்படித்தான் வாங்குவாங்க. ஒரே நாள்ல மூவாயிரம் ரூபா எங்க வீட்டுல இருந்ததே இல்ல, அதனாலதான் ஒன்றரை மாசம். மொத்த விலையில வாங்கினா மிச்சம்னு நான் போட்ட கணக்கு தப்பில்ல. கோயம்பேட்டுல கரும்பு கட்டாத்தான் விக்கும், கட்டுக்கு 15, 20 இருக்கும். ஒரு கரும்புக்கு வகுத்துப் பார்த்தா எங்க ஊர் விலையில பாதிதான் வரும். ஆனா முதல்ல கட்டை வாங்கப் பணம் வேணும். அதை 20 கிலோமீட்டர் கொண்டு வர குட்டியானைக்கு வாடகை வேணும். 1996-ல கொத்தவால்சாவடியில இருந்து கோயம்பேட்டுக்கு மார்க்கெட் போனப்போ வியாபாரிங்களை நினைச்சுத்தான் கட்டியிருப்பாங்க. என்னை மாதிரி ரெண்டு கரும்பு கேசுகளை நினைச்சா கட்டியிருப்பாங்க?

பொங்கல் சீட்டு இருக்கேன்னு நீங்க கேக்கலாம். மாசா மாசம் கட்டினா பண்டிகைக்கு மளிகை மொத்தமா வந்துடும். அம்மாவும் ஒரு தடவை கட்டியிருக்காங்க. பத்து மாசம் கட்டினதும் சீட்டு பிடிச்ச ஆளு காலி பண்ணிட்டுப் போயாச்சு. அந்த வருஷப் பக்கத்துல ஒரே ஒரு வரி, "சீட்டு போச்சு"ன்னு. அதுக்கு அப்புறம் அம்மாவோட சீட்டு அந்தப் பரண்தான்.

ஜனவரி 6, சனிக்கிழமை. நானே கேட்டு லிஸ்டை வாங்கிக்கிட்டேன். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட். அப்பா ஆட்டோ ஓட ஆரம்பிச்சிருந்தது, அதுலயே இறக்கி விட்டார். பயணிங்களோட பயணியா உக்காந்து போனேன். (காசு கேக்கல.)

வெல்லம் வாங்குறது இவ்வளவு பெரிய வித்தைன்னு எனக்குத் தெரியாது. நான் பளபளன்னு மஞ்சளா இருந்த உருண்டையை எடுத்தேன். அம்மா லிஸ்ட்லயே எழுதியிருந்தாங்க, "மஞ்சள் வேண்டாம், கருப்பு". கரும்புச் சாறு காய்ச்சினா பழுப்பா, கொஞ்சம் கருப்பாத்தான் வரும். அது வெளுக்க சோடியம் ஹைட்ரோசல்பைட்னு ஒரு ரசாயனம் போடுவாங்க. வெல்லத்துல கந்தக டை ஆக்சைடு 70 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல அளவே இருக்கு. அம்மாவுக்கு பிபிஎம் எல்லாம் தெரியாது, நாக்குல வச்சா உப்புக் கரிக்கும்னு தெரியும். கடைக்காரர் கருப்பு உருண்டையை உடைச்சு ஒரு துண்டு குடுத்தார். கரிக்கல. 3 கிலோ 195 ரூபா.

அரிசி புதுப் பச்சரிசியா கேக்கணும். பழைய அரிசி தண்ணியை நிறைய இழுத்து உதிரி உதிரியா நிக்கும், சாப்பாட்டுக்கு அதுதான் நல்லது. புதுசு தண்ணி கம்மியாக் குடிச்சுக் குழையும், பொங்கலுக்கு அதுதான் வேணும். 4 கிலோ, 240. முந்திரி ஏற்கனவே அம்மா வாங்கினது பிளந்த பாதி முந்திரி. "வறுத்துப் போட்டா யாருக்குத் தெரியும்"னு அம்மா. அப்பா மட்டும் ஆட்டோவுல இருந்து இறங்கும்போது என் கையில இருநூறு ரூபாயைத் திணிச்சு, "சீருக்கு முழு முந்திரி வாங்குடா, அம்மாகிட்ட சொல்லாத"ன்னார். சொல்லல. பில்லைப் பார்த்து அம்மாவே கண்டுபிடிச்சுட்டாங்க. ஒண்ணும் கேக்கவும் இல்ல.

10-ம் தேதியில இருந்து ரேஷன்ல பொங்கல் பரிசு. ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சக்கரை, ஒரு முழுக் கரும்பு, 1000 ரூபா. அந்தக் கரும்பைப் பத்தி ஒரு வார்த்தை. செங்கரும்பு ஆலைக்குப் போகாது, கடிச்சுத் திங்க மட்டும்தான். பத்து மாசம் வளர்த்து அந்த ஒரு வாரத்துல வித்தாகணும், காணும் பொங்கல் தாண்டினா சீண்ட ஆள் இல்ல. 2023 பொங்கலுக்குப் பரிசுத் தொகுப்புல கரும்பு இல்லேன்னு முதல்ல அறிவிச்சப்போ விவசாயிங்க கொதிச்சது அதனாலதான். அப்புறம் சேர்த்தாங்க. எங்கம்மா மாதிரி பரண்ல ஏத்தி வைக்க அவங்களுக்கு வழியே இல்ல.

அந்த ஆயிரத்துலதான் நெய்யும், காயும், சேலையில குறைஞ்ச காசும். ரேஷன் அரிசியையும் சீர்ல சேர்த்துடலாமான்னு அம்மா கேட்டாங்க. "அது நமக்கு"ன்னார் அப்பா. கரும்பும் அதே கதை. ரேஷன் கரும்பு வீட்டுக்கு. சீருக்கு மேம்பாலத்துக்குப் பக்கத்துல ஜோடி 120 ரூபான்னு பேரம் பேசி வாங்கினார்.

12-ம் தேதி வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் தாம்பரத்துல மின்சார ரயில் ஏறினோம். ஆளுயரத்தைத் தாண்டின ரெண்டு கரும்போட ரயில் ஏறிப் பார்த்திருக்கீங்களா? நிறுத்தினா மேல இடிக்கும், படுக்க வச்சா ஆளுங்க காலுல இடிக்கும். கடைசியில வெண்டர் பெட்டியில ஏறி, பூக்கூடைக்காரம்மா பக்கத்துல சாய்ச்சு வச்சோம். வண்டலூர், கூடுவாஞ்சேரின்னு ஏறினவங்க எல்லாரும், "தலைப்பொங்கலா?"ன்னு கேட்டாங்க. அப்பா ஒவ்வொருத்தருக்கும் ஆமாம்னு சொன்னார். அன்னிக்குத்தான் அவர் முகத்துல பழைய சிரிப்பைப் பார்த்தேன்.

அக்கா வீட்டுல அத்தை நல்லாத்தான் பேசினாங்க. தட்டுல எல்லாத்தையும் எடுத்து வச்சு விளக்கேத்தினாங்க. முழு முந்திரியை அப்பா கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சார். :)

கிளம்பும்போது அக்கா உள்ள போய் ஒரு துணிப்பையோட வந்தா. "வெறுங்கையோட அனுப்பக் கூடாதாம், அத்தை சொன்னாங்க"ன்னா. வாசல் வரைக்கும் வந்து, அப்பா செருப்பு மாட்டுற நேரம் என் காதுல, "அம்மாகிட்ட குடுடா. தீபத்துக்கு மறுநாள்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வாங்கினது. தண்ணி வந்தப்புறம் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்"னா.

ரயில்ல அப்பா அந்தப் பையை மடியில வச்சுப் பிரிச்சார். ஒரு கிலோ வெல்லம், அரைக்கிலோ பாசிப்பருப்பு, ஒரு பொட்டலம் ஏலக்காய். வெல்லம் நல்ல கருப்பு. கரும்பு இல்லாததால கை காலியா இருந்தும் செங்கல்பட்டுல இருந்து தாம்பரம் வரைக்கும் அவர் எதையும் பிடிச்சுக்காம அந்தப் பையை மட்டும் பிடிச்சுக்கிட்டு வந்தார்.

ராத்திரி அம்மா நோட்டை எடுத்தாங்க. 2024 பொங்கல் பக்கம். செலவை எல்லாம் கூட்டிக் கோடு போட்டதுக்குக் கீழ, அதுவரைக்கும் எந்தப் பக்கத்துலயும் இல்லாத ஒரு வார்த்தையை எழுதினாங்க: "வரவு". பக்கத்துல அக்கா பேரு, வெல்லம் 1, பருப்பு அரை, ஏலக்காய். தேதி போடுற இடத்துல என்கிட்ட கேட்டாங்க, "தீபம் போன வருஷம் என்னிக்குடா வந்தது?"