ஒரு ஏரி... 16 க்ளிக்!

பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில ஏறி நின்னு செல்போனை நீட்டிப் பாருங்க பாஸ். ஃப்ரேமுக்குள்ள ஏரி அடங்காது! இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல விரிஞ்சு கிடக்கிற ஏரி அது. மலைப் பக்கம் மட்டும் க்ளிக்கினா, 'அட, சேலத்துல இப்படி ஒரு இடமா?'னு லைக்ஸ் குவியும். கொஞ்சம் திரும்பி சீமைக்கருவேல முள்ளை மட்டும் எடுத்தா, 'ஐயோ பாவம், செத்துப்போன ஏரி'னு கண்ணீர் எமோஜி வரும். ரெண்டும் நிஜம்தான். ஆனா, ரெண்டும் பாதி நிஜம்!

முழு நிஜம் வேணும்னா ஒரே இடத்துல நின்னு 360 டிகிரியும் எடுக்கணும். அதுக்கு ஒரு மோட்டார், ஒரு பேரிங், கொஞ்சம் அலுமினியம் போதும். ஹாஸ்டல் ரூம்லயே செய்யலாம். வாங்க, செய்வோம்!

சேலத்தின் தண்ணீர்ப் பானை

முதல்ல ஊரைப் பத்தி ரெண்டு வரி. சேலத்துக்குத் தெற்கே, நாமக்கல் ரோட்டுல இருந்து பிரிஞ்சு உள்ள போனா பனமரத்துப்பட்டி. ஜருகுமலையும் போதமலையும் காவல் காக்கிற ஊர். அரளிப் பூவுக்குப் பேர் போன பூமி. இங்க இருக்கிற ஏரி, சேலம் நகரத்தோட குடிதண்ணிக்காகவே 1911ல் பிரிட்டிஷ்காரங்க காலத்துல கட்டினது. உங்க தாத்தா சேலத்துக்காரர்னா, அவர் குடிச்சு வளர்ந்தது இந்தத் தண்ணியாத்தான் இருக்கும். அப்புறம் மேட்டூர்ல இருந்து காவிரித் தண்ணி வந்துச்சு. இங்க மழையும் வரத்தும் குறைஞ்சு, வருஷக்கணக்கா வறண்டு கிடந்த ஏரிக்குள்ள சீமைக்கருவேலம் காடா மண்டிப்போச்சு. முள்ளை அகற்றி ஏரியை மீட்கணும்ங்கற கோரிக்கையும் திட்டமும் பல வருஷப் பேச்சு. சேலம் மாநகராட்சிக்குச் சொந்தமான ஏரிங்கறதால, கேமராவோட போகும்போது அங்க இருக்கிற ஊழியர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறுங்க.

செவ்வாய் கிரகத்துல இதே டெக்னிக்!

'போன்லயே பனோரமா இருக்கே, மோட்டார் எதுக்கு?'னு கேக்கறீங்களா? கை ஆடும், அடிவானம் அலையடிக்கும். முக்கியமா, இன்னைக்கு எடுத்த மாதிரியே அடுத்த வருஷமும் எடுக்க முடியாது. மெஷினுக்குத்தான் அந்தப் பொறுமை உண்டு.

இந்த ஆசை புதுசு இல்லை. 1858ல் லின்னேயஸ் ட்ரைப்ங்கற வெள்ளைக்கார கேப்டன், மெட்ராஸ் அரசாங்கத்தோட போட்டோகிராபரா தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனார். விமானத்தோட அடித்தளத்தைச் சுத்தி ஓடுற கல்வெட்டு ஒரே படத்துல அடங்கலை. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி எடுத்து, 21 பிரின்ட்டை ஒட்டி நீளமான ஒரே படமாக்கிட்டார்! அதே மனுஷன் நம்ம பழைய சேலம் மாவட்டத்துக்கும் வந்து ராயக்கோட்டையைப் படமெடுத்து ஆல்பம் போட்டிருக்கார். ஆனா ஒண்ணு... நேரான சுவர்னா கேமரா நகரணும். ஏரின்னா நின்ன இடத்துலயே சுத்தணும்.

அப்படிச் சுத்துற வேலையை மெஷின்கிட்ட கொடுத்தது, 1904ல் அமெரிக்காவில் பேட்டன்ட் ஆன சர்க்கட் கேமரா. சாவி கொடுத்தா, பல்சக்கரத்துல மெதுவா சுத்திக்கிட்டே நீளப் படமா எடுக்கும். ஸ்கூல் குரூப் போட்டோவுல ஒரு ஓரத்துல நிக்கிற குறும்புக்காரப் பையன், கேமரா திரும்புறதுக்குள்ள பின்பக்கமா ஓடி மறு ஓரத்துல போய் நின்னுடுவான். ஒரே படத்துல ரெண்டு தடவை அவனே! டபுள் ஆக்‌ஷனுக்கு முன்னோடி!

2004ல் செவ்வாயில் இறங்கின நாசாவோட ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ரோவர்களும் மாஸ்ட் மேல மோட்டார்ல திரும்புற கேமரா வெச்சுத்தான் அந்தச் செம்மண் காட்டைக் காட்டுச்சு. அந்த டெக்னிக்தான் பிறகு 'கிகாபேன்'ங்கற கருவியா பூமிக்கு வந்தது. 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்பை டேவிட் பெர்க்மன் அதை வெச்சு 220 படங்களா எடுத்து ஒட்டினார். மொத்தம் 1,474 மெகாபிக்சல்! நாம செய்யப்போறது அதோட ஏழைத் தம்பி.

சமையல் குறிப்பு

தேவையானவை: 28பிஒய்ஜே-48ங்கற 5 வோல்ட் ஸ்டெப்பர் மோட்டார், அதோட டிரைவர் போர்டு, ஒரு ஆர்டுயினோ நேனோ, சின்ன ரிலே, செல்ஃபி எடுக்கிற புளூடூத் பட்டன், பவர் பேங்க், ஒரு பழைய பேரிங், ஹார்டுவேர் கடை அலுமினிய எல்-ஆங்கிள். ட்ரைபாட் கையில இருந்தா மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயைச் சுத்தித்தான் வரும்.

போனோட எடையை மோட்டார் தண்டு மேல ஏத்தாதீங்க. எடையை பேரிங் தாங்கட்டும். மோட்டார் சும்மா திருப்பினா போதும். இந்த மோட்டார் ஒரு முழுச் சுத்துக்கு சுமார் 2,048 ஸ்டெப் போகும். அதை 16ஆல வகுத்தா மிச்சமில்லாம 128. அதாவது, 128 ஸ்டெப்புக்கு ஒரு க்ளிக். ஒவ்வொரு திருப்பமும் 22.5 டிகிரி. போனைச் செங்குத்தா நிறுத்தினா அகலத்துல ஏறக்குறைய 50 டிகிரி பார்க்கும். பக்கத்துப் பக்கத்துப் படங்கள் பாதிக்கு மேல ஒண்ணு மேல ஒண்ணு படியும். ஒட்டுற சாஃப்ட்வேருக்கு அதுதான் விருந்து!

புளூடூத் பட்டனைப் பிரிச்சு, அதோட ரெண்டு முனையையும் ரிலேயில இணைச்சிடுங்க. ப்ரோகிராம் இவ்வளவுதான்... திரும்பு, ரெண்டு செகண்ட் நில்லு, க்ளிக் பண்ணு, ஒரு செகண்ட் நில்லு, மறுபடி திரும்பு. அந்த ரெண்டு செகண்ட், ஆட்டம் அடங்குறதுக்கு. நிக்கும்போதும் மோட்டாருக்கு கரன்ட் போகட்டும். இல்லைன்னா காத்துல போன் திரும்பிடும். சில பவர் பேங்க், வேலை இல்லைன்னு நினைச்சுத் தானே தூங்கிடும்!

இப்ப ஒரு சின்ன டெஸ்ட். ஒரு கண்ணை மூடுங்க. முகத்துக்கு நேரா ரெண்டு விரலை முன்னும் பின்னுமா நிறுத்தி, தலையை இட வலமா திருப்புங்க. விரலுங்க ஒண்ணைவிட்டு ஒண்ணு விலகுதா? கழுத்துதான் சுத்துது, கண்ணு அதுக்கு முன்னாடி இருக்கு, அதான் காரணம். கேமராவும் அப்படித்தான். லென்ஸ் நேரா சுழலும் அச்சுக்கு மேல வர்ற மாதிரி எல்-ஆங்கிளை வளைச்சு மாட்டுங்க. தூரத்து மலை எப்படி எடுத்தாலும் ஒட்டிக்கும். ஆனா, பக்கத்துல இருக்கிற முள்ளு ரெண்டா பிளந்து தெரியும்!

கரையில என்ன செய்யணும்?

மேகமூட்டமான காலை நேரம் பெஸ்ட். கொத்தனார் வெச்சிருக்கிற ரசமட்டத்தைக் கேட்டு வாங்கி, ட்ரைபாட் மட்டமா இருக்கான்னு பாருங்க. சாய்ஞ்சா அடிவானம் பாம்பா நெளியும். போன்ல ஃபோகஸ், வெளிச்சம் ரெண்டையும் லாக் பண்ணிடுங்க. இல்லைன்னா சூரியன் பக்கம் இருட்டாவும் எதிர்ப்பக்கம் பளிச்சுன்னும் திட்டுத் திட்டா வரும். எடுத்த 16 படத்தையும் 'ஹூகின்'ங்கற இலவச சாஃப்ட்வேர்ல போட்டா ஒட்டிக் கொடுத்துடும்.

இன்னொண்ணு, இது எந்த மேனுவல்லயும் இருக்காது. முக்காலியைப் பார்த்ததும் தோட்டத்துல பூப்பறிக்கிற அக்கா, "தம்பி, சர்வே எடுக்க வந்தீங்களா? எங்க நிலத்துலயா?"னு பதறிக் கேப்பாங்க. 2018ல் எட்டுவழிச் சாலைக்காக இதே சேலம் மாவட்டத்துல நிலத்தை அளந்து கல் நட்டப்போ, வயலுக்குள்ள நின்னு அழுதவங்க எத்தனை பேர்! அந்த பயம் இன்னும் போகலை. அதனால கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க... "இல்லைங்கக்கா, காலேஜ் பசங்க. ஏரியைப் படம் எடுக்கறோம்." எடுத்த படத்தை அவங்களுக்கும் காட்டுங்க. எந்த ஓடை வழியா தண்ணி வரும், எது வரைக்கும் நின்னுச்சுன்னு விரல் வெச்சுச் சொல்ல அவங்களாலதான் முடியும். நம்ம படத்துக்கு அதைவிட நல்ல கேப்ஷன் கிடைக்காது.

ஒரு தடவை போதாது!

ஒரு பனோரமா, அழகான வால்பேப்பர். அதே இடத்துல இருந்து வருஷா வருஷம் எடுத்தா... அது சாட்சி! மதகு மாதிரி நகராத ஒரு அடையாளத்துக்குப் பக்கத்துல நில்லுங்க. ட்ரைபாட் உயரத்தைக் குறிச்சு வெச்சுக்கங்க. முதல் க்ளிக் எப்பவும் ஒரே மலை உச்சியைப் பார்க்கட்டும். முள் எவ்வளவு தூரம் போச்சு, தண்ணி எதுவரை ஏறுச்சு, கரையை ஒட்டி புதுசா என்ன முளைச்சுது... யாரும் எதையும் மறைக்க முடியாது. ஏன்னா, மோட்டாருக்கு 'இந்தப் பக்கம் வேணாம்'னு தலையைத் திருப்பிக்கத் தெரியாது!

நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிக்கிறோம். செமஸ்டருக்கு ஒரு தடவை டவுன் பஸ் ஏறி ஒரு சுத்து எடுத்தா, டிகிரி வாங்குறப்போ கையில எட்டு படம். நூறு வருஷத்தைத் தாண்டின ஒரு ஏரியோட நாலு வருஷக் கதை அதுல இருக்கும். உங்க ஊர்லயும் ஃப்ரேமுக்குள்ள அடங்காத ஏரி ஒண்ணு இருக்கும்தானே? மோட்டாரை எடுங்க பாஸ்!