கடலும் குழந்தையும்

வேளாங்கண்ணிக்கு நாங்கள் குடிவந்தபோது என் மகளுக்கு இரண்டரை வயது. தஞ்சையின் வாய்க்கால்களையே கண்டு பழகிய அவள், கடலைக் கண்டதும், “பெரிய வாய்க்கால்!” என்று கைகொட்டிச் சிரித்தாள். மாலைதோறும் கடற்கரைக்குச் செல்வது எங்கள் வழக்கமாயிற்று.

ஒருநாள் அவள் என் கையை உதறிவிட்டு அலையை நோக்கி ஓடினாள். வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் விரைந்தெழுந்து அவளை வாரியெடுத்தார்.

“ஐயா, கடல் எங்களுக்குச் சோறிடும் தாய். ஆயினும், 2004 டிசம்பர் 26 அன்று அது ஆழிப்பேரலையாய் எழுந்து இவ்வூரில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுசென்றது. அவர்களுள் என் பேத்தியும் ஒருத்தி” என்றார்.

நான் நாணித் தலைகுனிந்தேன். இன்றும் நாங்கள் கடல்காணச் செல்கிறோம். அம்முதியவரை என் மகள் ‘தாத்தா’ என்றே அழைக்கிறாள். அவள் கையை மட்டும் நான் விடுவதில்லை.