எழுபது வளைவுக்கு மேலே ஒரு பிடி சாமை

ஜனவரி 23, வெள்ளி. செம்மேடு

காரவள்ளியைத் தாண்டிப் பேருந்து மலையேறத் தொடங்கியபோது காலை ஏழு மணி. அடிவாரத்திலிருந்து கொல்லிமலை உச்சிவரை கொண்டை ஊசி வளைவுகள் 70. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்து மகள் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தாள். இருபதுவரை இளவெயில், நாற்பதில் காற்று சில்லிட்டது. அறுபதைத் தாண்டியதும் பனிமூட்டம் பலகையையே மறைத்துவிட்டது. கடைசிப் பத்து வளைவுகளை ஊகத்தில்தான் எண்ணினாள்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஒரே அம்பால் வீழ்த்தியதாக வன்பரணர் பாடிய அந்த ஓரிதான். இந்தக் கொல்லிமலையை ஆண்டவன், கேட்டவர்க்கு அள்ளிக் கொடுத்தவன். மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரில் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. இன்றும் ஆடி மாதத்தில் ஓரிக்கு இங்கே விழா எடுக்கிறார்கள். கதையைச் சொல்லி முடித்ததும் மகள் கேட்டாள்: “அப்போ இந்த மலையில இருந்தவங்க என்னம்மா சாப்பிட்டிருப்பாங்க?”

மாலையில் சீக்குப்பாறைக்கு நடந்தோம். வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி, அடியில் காப்பிச் செடி. பாறையின் விளிம்பில் நின்றால் கீழே சமவெளி முழுக்கத் தெரிகிறது. இரவுச் சாப்பாட்டுக்கு ஓட்டலில் பரோட்டாவும் அரிசிச் சோறும்தான் இருந்தன. சாமைச் சோறு உண்டா என்று கேட்டேன். “முன்கூட்டியே சொல்லணுங்க” என்றார்கள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜீப் ஓட்டும் தம்பி, “எங்கம்மாகிட்ட இருக்குக்கா, ஞாயித்துக்கிழமை வாங்க” என்றார்.

ஜனவரி 24, சனி. அறப்பள்ளி

வளப்பூர்நாட்டில் அறப்பளீசுவரர் கோயில். இங்கே ஊராட்சிகளின் பெயரெல்லாம் ‘நாடு’ என்று முடிகின்றன. அரியூர்நாடு, வாழவந்திநாடு, சேளூர்நாடு. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே ஒரு கம்பீரம். அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடியது இந்தக் கோயில் இறைவன்மேல்தான். கோயிலை ஒட்டி ஓடும் ஓடையில் மீன்கள் பயமில்லாமல் கரைக்கு வருகின்றன. அவற்றை யாரும் பிடிப்பதில்லை, இரை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்க இறங்க, முதலில் அருவியின் ஓசை, பிறகு ஈரக்காற்று, கடைசித் திருப்பத்தில் அருவி. சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. அடியில் நிற்க முடியவில்லை. சாரல் ஊசியாய்க் குத்துகிறது, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. இதே தண்ணீர்தான் மலையிறங்கி, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போகிறது.

ஏறி வருவதற்குள் முழங்கால் கெஞ்சியது. மேலே வந்ததும் முடவாட்டுக்கால் சூப் குடித்தோம். ஆட்டுக்கால்போல் மயிர் படர்ந்த கிழங்கு. பாறையில் படரும் பெரணி வகை. தோலைச் சீவி, இடித்து, மிளகும் சீரகமும் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் சொல்.

ஜனவரி 25, ஞாயிறு. ஒரு வீட்டு முற்றம்

ஜீப் தம்பியின் வீட்டுக்குப் போனோம். அவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அம்மா ஒரு சிறு மூட்டையைப் பிரித்தார். கடுகைவிடச் சற்றே பெரிய, பழுப்பு நிற மணிகள். கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழுக்கி ஓடின. சாமை.

உரலில் இரண்டு படி கொட்டி உலக்கை போட்டார். ஒருமுறை குத்தி முறத்தில் புடைத்தார், உமி பறந்தது. மணி இன்னும் பழுப்பாகவே இருந்தது. மறுபடி உரலில். மறுபடி முறம். மூன்றாம் முறைதான் வெள்ளை எட்டிப் பார்த்தது. மகள் உலக்கையை வாங்கினாள். இருபது குத்தில் மூச்சு வாங்கியது.

“இப்பிடித்தான் கண்ணு, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுக் குத்துவோம். அப்பறம்தான் காட்டு வேலை. இப்ப அரைக்க மிஷின் இருக்கு. ஆனா சாமை போடறவங்கதான் கொறைஞ்சு போயிட்டாங்க. எல்லாம் குச்சிக்கிழங்கு.”

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி சரிவெல்லாம் ஏறியதற்கு இந்த உலக்கைப்பாடும் ஒரு காரணம். கிழங்கைப் பிடுங்கி, லாரியில் ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பினால் கையில் காசு. சாமையோ குத்தியெடுக்கவே பெண்களின் பாதி நாளைத் தின்றுவிடும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே விதைகளைச் சேகரித்ததோடு நிற்காமல், ஊர்களுக்கு உமி நீக்கும் இயந்திரம் கொண்டுவந்தது அதனால்தான். விதையைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அந்தப் பெண்களின் தோளைக் காப்பாற்ற வேண்டும்.

எத்தனை வகைச் சாமை உண்டு என்று கேட்டேன். மல்லிசாமை, திருகுலாசாமை, கட்டவெட்டிசாமை, வெள்ளப்பெருஞ்சாமை. பேரப்பிள்ளைகள் பெயரைச் சொல்வதுபோல விரல்மடக்கிச் சொன்னார். ஓரியின் பெயரைப் புலவர்கள் காத்துக் கொடுத்தார்கள். இந்தப் பெயர்களை இவரைப் போன்றவர்கள் வருஷாவருஷம் விதைத்தும் அறுத்தும் காத்திருக்கிறார்கள். ஒரு மழைக்காலம் விதைக்காமல் விட்டால் ஒரு பெயர் போய்விடும். மலைக்கு வருகிற நாம் அருவியையும் கோயிலையும் பார்ப்பதோடு, சாப்பிட உட்காரும்போது சாமை கேட்கவும் வேண்டும். கேட்பவர் இருந்தால்தான் விதைப்பவர் இருப்பார்.

பகலுக்குச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். ஆவி பறக்க மகளின் தட்டில் போட்டார். உலக்கை பிடித்ததில் அவள் உள்ளங்கை சிவந்து, பெருவிரல் அடியில் கொப்புளம் எழும்பியிருந்தது. முந்தாநாள் கேட்ட கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த கடைசி மணியையும் விரலால் தொட்டெடுத்துச் சாப்பிட்டாள்.