ஜெயித்தால் கொண்டாட்டம், தோற்றால் ஒழுங்கீனம்

ரக்பி 1995 வரை சம்பளமில்லாத ஆட்டம். மேட்ச் முடிந்ததும் இரண்டு அணிகளும் சேர்ந்து உட்கார்ந்து பீர் குடிப்பது அதன் பழைய வழக்கம். சம்பளம் வந்தது, வழக்கம் மட்டும் போகவில்லை. சிக்கலே அங்கேதான்.

2011 உலகக் கோப்பைக்கு நியூசிலாந்து போனது இங்கிலாந்து. செப்டம்பர் 10-ல் அர்ஜென்டினாவைத் தட்டுத்தடுமாறி 13-9 என்று ஜெயித்தார்கள். மறுநாள் ராத்திரி குவீன்ஸ்டவுனில் ஒரு பாரில் ஒரே கூத்து. கூட்டத்தில் மைக் டின்டாலும் உண்டு. முந்தைய நாள் ஆட்டத்துக்கு அவர்தான் கேப்டன். ஆறு வாரம் முன்புதான் எலிசபெத் ராணியின் பேத்தி ஸாராவைக் கல்யாணம் பண்ணியிருந்தார். அப்புறம் கேட்கணுமா? பார் கேமராவில் பதிவானது வெளியே கசிந்தது. பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

காலிறுதியில் பிரான்ஸிடம் 19-12 என்று தோல்வி. நவம்பரில் டின்டாலுக்கு 25,000 பவுண்டு அபராதம், அணியிலிருந்தும் நீக்கம். அப்பீல் செய்ததில் அபராதம் 15,000 ஆகக் குறைந்தது, நீக்கமும் ரத்தானது.

அதே கோப்பையில் நியூசிலாந்தின் கோரி ஜேனும் இஸ்ரேல் டாகும் காலிறுதிக்கு முன்னால் ராத்திரி குடிக்கப் போய் மாட்டினார்கள். மன்னிப்புக் கேட்டார்கள். இறுதி ஆட்டத்தில் இருவரும் ஆடினார்கள், பிரான்ஸை 8-7 என்று வென்றார்கள். கதை முடிந்தது.

இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லலாம். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. சம்பளம் கொடுப்பவர் வாங்குவது எண்பது நிமிஷத்தையா, இருபத்துநாலு மணி நேரத்தையுமா? எதுவானாலும் விமானம் ஏறும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். தோற்ற பிறகு போடும் கணக்குக்குப் பெயர் ஒழுக்கம் இல்லை, எரிச்சல்.