காலிமுகத்திடலில் ஒரு பட்டம்

விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லக் கொழும்பில் செலவில்லாத இடம் காலிமுகத்திடல். அங்கு ஒரு நினைவுக்கல் உண்டு. 1859 இல் நடைபாதையை அமைத்து முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், நகரின் பெண்கள், சிறுவர்களின் நலனுக்காக அதனைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைத்திருக்கிறார்.

1990களில் வெள்ளவத்தையிலிருந்து மகனுடன் புறப்படும்போது பட்டத்துக்கு முன்பாக அடையாள அட்டையையே எடுத்து வைப்பேன். பஸ்ஸில் தமிழில் உரக்கப் பேசாதே என்றும் சொல்லியிருந்தேன். (பிள்ளையிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?) திடலில் இறங்கிய பின்னரும் அவன் தாழ்ந்த குரலிலேயே இறால் வடை கேட்பான்.

கடந்த மாதம் பேரனும் வந்தான். பட்டம் மேலெழுந்ததும், "அப்பப்பா, நூலை விடுங்கோ!" என்று திடலே திரும்பிப் பார்க்கக் கத்தினான். அருகில் நின்ற என் மகன் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தான்.