அலசின தண்ணீர்

துபாய் தேராவில் நாங்கள் தங்கியிருக்கும் அறையில் ஒரு பழைய இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷின் இருக்கிறது. ஒரு தொட்டியில் துவைத்து, கையால் அள்ளி மற்றதில் போட்டுப் பிழிய வேண்டும். பிழியும்போது அது நடக்க ஆரம்பிக்கும்; யாராவது மேலே கையூன்றி நிற்போம். எனக்கு அதைப் பிடிக்கும். அதில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது.

சித்தூரில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக நிற்கும்; வெள்ளை வேட்டி சீக்கிரமே பழுப்பேறிவிடும். ஆகவே நல்ல தண்ணீர் லாரி வரும் நாள்தான் துவைக்கிற நாள். ஒரே டப் தண்ணீரில் முதலில் அப்பாவின் வேட்டி, அப்புறம் சாயம் போகாத சேலைகள், எங்கள் பள்ளிச் சீருடை, கடைசியில் கால்மிதி. சோப்புத் தண்ணீர் வாசல் கழுவ, அலசின தண்ணீர் முருங்கைக்கு. ஊரில் நீவா ஆறு உண்டு. பொன்னை என்ற பெயரோடு தமிழ்நாட்டுக்குள் போய்ப் பாலாற்றில் சேர்வது. நான் பார்த்த நாளெல்லாம் பெரும்பாலும் மணல்தான்.

திருப்பதியில் படித்தபோது வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக விடுதி மொட்டை மாடியில் கொடி. பின்னால் சேஷாசலம். சித்திரை வெயிலில் கடைசித் துணியைப் போடுவதற்குள் முதல் துணி மொடமொடத்துவிடும். திருமலையில் கொடிகூட வேண்டாம். புஷ்கரிணியில் முழுகி எழுந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் ஈர வேட்டியை ஆளுக்கொரு முனை பிடித்து விரித்தபடியே மாட வீதியில் நடப்பார்கள். மலைக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தமிழர், தெலுங்கர், கன்னடர் எல்லாருக்கும் அங்கே அதே வித்தைதான்.

இங்கே கடல்நீரை உப்பெடுத்துத் தருகிறார்கள். நுரை பொங்கி வழிகிறது. ஜூலையில் மொட்டை மாடித் தொட்டி கொதித்து, பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீர் வரும். அவ்வளவு வெயில் வெளியே வீணாய்க் காய, தெருவைப் பார்த்த பால்கனியில் துணி தொங்கினால் அபராதம்! அறைக்குள் ஸ்டாண்டில், ஏசி காற்றில் காயும் சட்டைக்குப் பக்கத்து அறைக் கருவாட்டு வாசனைதான் ஏறுகிறது.

வெள்ளைத் துணி துவைத்த தண்ணீரை நான் அடுத்த ஈட்டுக்கும் வைத்துக்கொள்வேன். கும்பகோணத்துத் தம்பி சிரிக்கிறான்: "ஏண்ணே, கடலையே காய்ச்சி ஊத்துறான், இதுலயா மிச்சம் பிடிக்கிறீங்க?"

அம்மாவுக்கு ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்கிக் கொடுத்தாயிற்று. "குடிக்கிற தண்ணிய எங்க கொண்டுபோயி விடுதுன்னே தெரியலடா" என்று பிளம்பரை வைத்துக் குழாயை முருங்கைப் பக்கம் திருப்பிவிட்டாள். இப்போது அடுத்த கேள்வி: சோப்புத் தண்ணீர் மரத்துக்கு ஆகாதே, அலசின தண்ணீர் மட்டும் போகிற மாதிரி செய்ய முடியாதா?

அது எங்கள் அறையில் இருக்கிற பழைய மெஷினில்தான் சுலபம் என்றேன்.

"அப்ப அத அனுப்பு."