பாறை தரும் நீர்

நமீபியப் பாலைவனத்தில் கூடாரமிட்டு ஓரிரவு தங்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அது கைகூடுமுன், மதுரையை அடுத்த அரிட்டாபட்டி மலைக்கு ஒரு கோடை விடியலில் சென்றேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் வழிகாட்டினார்.

"வெறும் பாறைதானே, ஐயா?" என்றேன்.

"இப்பாறையில் வழியும் மழைநீர்தான், தம்பி, எங்கள் கண்மாய்களை நிரப்புகிறது" என்றார். வானில் வல்லூறு ஒன்று வட்டமிட்டது.

குகைத்தளத்தில் சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைகளைக் கண்டோம். மேலே, ஈராயிரம் ஆண்டு கடந்த தமிழி எழுத்துகள்.

2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இம்மண்ணில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க முனைந்தபோது, சுற்றுப்புற ஊர்கள் திரண்டெழுந்தன. 2025 சனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது.

"மலை போனால் நீர் போகும், பிறகு நாங்கள் எங்கே போவது?" என்றார் பெரியவர்.

வெறும் பாறை என்ற என் சொல்லுக்கு நாணினேன்.